துரையா, தந்தையா?

அச்சத்தால் பணிபவன் அடிமை. அன்பால் பணிபவன் அடியான். இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. ஆயினும் அவற்றுக்கு இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. இந்நாட்டுத் தமிழ்க் கிறித்தவர் இவ்விரண்டில் எந்நிலையில் நிற்கின்றனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. விடை இனிமையானதன்று. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அவற்றைச் சூழ்ந்த தாமான்களிலும் நம் தேவாலயங்களையும் ஞாயிறு பள்ளிகளையும் வீட்டுச் செபக்கூட்டங்களையும் நெருங்கி நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். குழந்தையின் நெஞ்சில் முதலில் ஊன்றப்படும் விதை அச்சமே. அன்பு பின்னர் வருகிறது. பலருக்கு அது வராமலே போய்விடுகிறது. இவ்வச்சம் நற்செய்தி தந்ததன்று. வேறோரிடத்திலிருந்து வந்து, நற்செய்தியின் ஆடையை உடுத்திக்கொண்டு நம்மிடையே உலவுவது. இதுவே என் வாதம். இதனைக் களையும் பொறுப்பு குருமார்க்கு மட்டும் உரியதன்று. தமிழாசிரியர்க்கும் அதில் பங்குண்டு. அது எவ்வாறென்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

முதலில் நிலைமையை உள்ளவாறு காண்போம். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று தமிழ்த் தாய்மார் பிள்ளையை மிரட்டுவதுண்டு. கிறித்தவ வீட்டிலும் அதே மிரட்டல்தான். சாமியின் பெயர் மட்டுமே வேறு. அப்பிள்ளை ஞாயிறு பள்ளிக்குப் போகிறது. அங்கே நரகத் தீயின் வெம்மையை விரித்துரைப்போர் பலர். காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமந்து வந்த மேய்ப்பனின் மகிழ்ச்சியை அதே அளவுக்கு விரித்துரைப்போர் சிலர். பிள்ளை இளைஞனாகும்போது, உலக முடிவு வாசலில் நிற்கிறது என்னும் எச்சரிக்கை அவன் காதில் ஓதப்படுகிறது. குடும்பத் தலைவனாகும்போது, காணிக்கையில் குறை வைத்தால் வருவாயில் குறை விழும் என்கின்றனர். அவன் நோயுற்றுப் படுத்தாலோ, பார்க்க வந்தவர்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு, மறைந்துகிடக்கும் பாவம் எதுவென்று துருவுகின்றனர். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இந்நிலைக்குக் காரணம் இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று வினவியபோது, இயேசு இரண்டையுமே மறுத்தார் என்பது யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரச் செய்தி. அவ்வதிகாரத்தை வரிக்கு வரி அறிந்தவர்களே நோயாளியின் கட்டிலருகே வந்ததும் அதை மறந்துவிடுகின்றனர்.

எல்லாத் திருச்சபைகளும் எல்லாக் குருமாரும் இப்படியே என்று நான் கூறவில்லை. நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து வந்து, இறப்போன் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை அமர்ந்திருக்கும் குருமார் நம்மிடையே உண்டு. அவர்களால்தான் இந்த நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. ஆயினும் சிலரது நற்பண்பைக் காட்டிப் பலரது பழக்கத்தை மறைத்தல் தகாது.

இவ்வச்சம் நெஞ்சோடு நின்றுவிடுவதில்லை, உறவையும் அறுக்கிறது. அண்ணன் சைவனாகவும் தம்பி கிறித்தவனாகவும் வாழ்வது கிள்ளான் பள்ளத்தாக்கில் புதுமையன்று. பொங்கல் நாளில் அண்ணன் வீட்டுச் சோற்றை உண்டால் ஏதோ ஒன்று தொற்றிக்கொள்ளும் என்று நடுங்கி, வாசற்படியிலேயே நின்று வாழ்த்திவிட்டுத் திரும்பும் தம்பியை என்னென்பது? படையல் உணவு பற்றிய வினாவைப் பவுல் அடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் எடுத்துக்கொண்டார். அங்கே அவர் கையாண்ட அளவுகோல் அச்சமன்று. என் செயலால் மற்றொருவனின் மனச்சான்று தடுமாறுமோ என்னும் அன்பே அவர் அளவுகோல். உண்பதும் உண்ணாமையும் அவரவர் மனச்சான்றுக்கு உரியவை. உண்ண மறுப்பவனும் அன்போடு மறுக்கலாம். உள்ளே வந்து அமர்ந்து, அண்ணியின் நலம் கேட்டு, அண்ணன் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு மறுக்கலாம். வாசலில் நின்று நடுங்குபவன் கடவுளையும் நம்பவில்லை, அண்ணனையும் நம்பவில்லை.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காணத் திருமறையின் ஏடுகளைப் புரட்டுமுன் நம் வரலாற்றின் ஏடுகளைப் புரட்ட வேண்டும். நம் பாட்டனாரும் பூட்டனாரும் கங்காணியின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர்; பினாங்கிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கரையிறங்கினர். அவ்வாறு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்யும்வரை அந்த வரவு தொடர்ந்தது. வந்தவர்களுள் இந்துக்கள் மிகப் பலர்; கிறித்தவரும் இருந்தனர். எல்லார்க்கும் வாழ்க்கை ஒன்றே. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மேலே துரை, நடுவில் கிராணி, கீழே கங்காணி. துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசுவது ஆகாது. குறையிருப்பின் இடையில் நிற்பவரைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். துரை சினந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

இம்மக்களிடம், எல்லாம் வல்லவர் ஒருவர் மேலே இருக்கிறார், அவர் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுமில்லை, ஒருநாள் கணக்குக் கேட்பார் என்று சொன்னபோது அவர்கள் உள்ளத்தில் எழுந்த உருவம் யாருடையதாக இருந்திருக்கும்? சொன்னவர் சொற்களில் தவறில்லை என்றே கொள்வோம். ஆனால் கேட்ட செவி தோட்டத்துச் செவி. அச்செவி கடவுள் என்னும் சொல்லைக் கேட்டபோதெல்லாம் பெரிய துரை என்றே பொருள் கொண்டது. வானகம் ஒரு பெரிய பங்களா ஆயிற்று. நியாயத்தீர்ப்பு நாள் ஒரு பெரிய பெரட்டு ஆயிற்று. குருவானவர் சிலவேளை கிராணியாகவும் சிலவேளை கங்காணியாகவும் காட்சியளித்தார். இறைவேண்டல், இடையில் நிற்பவரிடம் கொடுக்கும் மனுவாகச் சுருங்கியது. இவ்வாறுதான் தோட்டத்து அச்சம் திருச்சபைக்குள் நுழைந்தது என்பது என் துணிபு.

தோட்டத்து அச்சத்தைத் தோட்டத்து மக்களே எதிர்த்து நின்ற நாளும் உண்டு. அது நடந்த இடம் நம் கிள்ளானே. 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டியாக நின்றார். கூலி உயர்வு, பிள்ளைகட்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் மற்றொன்றும் இருந்தது. துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமலே செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. அக்கோரிக்கையால் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது. எனினும் கூலிக்கான கோரிக்கையோடு அதையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். அவர்கள் சிந்திய குருதியின் பொருள் என்ன? மனிதன் மனிதனுக்கு முன் நடுங்கி நிற்றல் இழிவு என்பதே.

அதன்பின் துரைமார் போயினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாயின. அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று காரில் வந்து தேவாலய வாசலில் இறங்குகின்றனர். ஆனால் உள்ளே நுழைந்ததும் அவர்கள் நெஞ்சம் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கித் தலைகுனிந்து நிற்கிறது. கிள்ளான் சாலையில் மறுக்கப்பட்ட நடுக்கம் கிள்ளான் தேவாலயத்தில் பக்தி எனப் பெயர் பெறுவது முறையா? துரைக்கு முன் இழிவாக இருந்த ஒன்று தந்தைக்கு முன் உயர்வாகிவிடுமா?

தந்தை என்றேன். அச்சொல் என்னுடையதன்று, இயேசு கடவுளை அழைத்த சொல். லூக்கா நற்செய்தி பதினைந்தாம் அதிகாரத்தில் அவர் கூறிய கதையை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். சொத்தைப் பிரித்து வாங்கிச் சென்று அழித்த இளைய மகன் பசியால் வாடித் திரும்புகிறான். வழியெல்லாம் ஒரு பேச்சை உருப்போட்டுக்கொண்டு வருகிறான். அப்பேச்சின் முடிவு என்ன? மகன் என்னும் தகுதி எனக்கில்லை. கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பதே. ஆனால் தந்தை அதைச் சொல்லி முடிக்க விடவில்லை. ஓடிவந்து தழுவிக்கொள்கிறார்; மேலாடையும் மோதிரமும் காலணியும் கொண்டுவரச் சொல்கிறார். கூலி என்னும் சொல்லை மூன்று தலைமுறை சுமந்த நமக்கு இக்கதையின் பொருள் மற்ற எந்த இனத்தாரைவிடவும் நன்கு விளங்க வேண்டும். கடவுளுக்குக் கூலியாள் தேவையில்லை. நாம் கூலியாளாக நிற்க முன்வந்தாலும் அவர் ஒப்புவதில்லை. அக்கதையில் வரும் மூத்த மகனையும் நோக்குக. அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை, கட்டளையை மீறவில்லை, ஆயினும் இத்தனை ஆண்டு அடிமைபோல் உழைத்தேனே என்று குமுறுகிறான். விருந்து நடக்கும் வீட்டுக்கு வெளியே நிற்பவன் அவனே. அச்சத்தால் ஒழுங்காயிருப்பவனின் முடிவு அது.

திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1505ஆம் ஆண்டு செர்மனி நாட்டில் இடிமின்னலில் சிக்கிய மாணவர் ஒருவர் உயிருக்கு அஞ்சி, துறவியாவேன் என்று பொருத்தனை செய்தார். அவரே மார்ட்டின் லூத்தர். மடத்தில் சேர்ந்தும் அச்சம் விடவில்லை. பாவிகளைத் தண்டிக்கும் கடவுளைத் தாம் வெறுத்ததாகவே 1545ஆம் ஆண்டில் அவர் திரும்பி நோக்கி எழுதினார். உரோமையர் திருமுகத்தைக் கற்கையில், கடவுளின் நீதி நம்மை அடிக்கும் கோலன்று, நமக்கு அருளப்படும் கொடை என்று உணர்ந்த நாளில்தான் அவர் விடுதலை பெற்றார். அவர் வழிவந்த சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அந்த மரபில் வந்த தமிழர் கடல் கடந்து வந்து பிரிக்பீல்ட்சில் எழுப்பிய சீயோன் ஆலயம் 1924ஆம் ஆண்டினது. ஆக, அச்சத்திலிருந்து விடுபட்ட ஒருவரின் கண்டுபிடிப்பே இரு கண்டங்களைக் கடந்து நம் தெருவரையில் வந்திருக்கிறது. லூத்தர் 1529இல் பிள்ளைகட்கென எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளைகளின் விளக்கங்களும் கடவுளிடம் அச்சமும் அன்பும் கொள்ளவேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே தொடங்குகின்றன. நாம் முதற்சொல்லை உரக்கச் சொல்லி, இரண்டாம் சொல்லை முணுமுணுத்துப் பழகிவிட்டோம்.

கத்தோலிக்கர் நிலையும் வேறன்று. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூலும் ஒன்று. அண்டிரிக் அடிகள் அதனை 1580இல் வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அத்திருச்சடங்கு தமிழரிடையே அப்பெயராலேயே வழங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973இல் சடங்குமுறை திருத்தப்பெற்றது. தமிழில் ஒப்புரவு என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. கிள்ளானில் 1928ஆம் ஆண்டு கட்டப்பெற்ற லூர்து அன்னை ஆலயம் முதலாக எல்லா ஆலயங்களிலும் இன்று அறிவிப்புப் பலகையில் காணும் சொல் ஒப்புரவே. பாவங்களை எடுத்தோதல் என்னும் பொருளிலிருந்து, பிரிந்த இருவர் மீண்டும் ஒன்றாதல் என்னும் பொருளுக்குச் சொல் நகர்ந்துவிட்டது. நம் கால்கள் நகர்ந்தனவா? வரிசையில் நிற்போர் முகங்களைப் பாருங்கள். தந்தையைக் காணப்போகும் முகமா அது? துரையிடம் கணக்கு ஒப்பிக்கப்போகும் முகமா?

இனி மறுப்போர் கூற்றுகளைக் காண்போம். முதற் கூற்று, இறையச்சமே ஞானத்தின் தொடக்கம் என்று நீதிமொழிகள் கூறவில்லையா என்பது. கூறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தொடக்கம் என்றே கூறுகிறது. முடிவு என்று கூறவில்லை. அரிச்சுவடி கல்வியின் தொடக்கம். எழுபது வயதிலும் அரிச்சுவடியையே வைத்திருப்பவனை யார் கற்றவன் என்பர்? இதே திருமறையில் யோவான் எழுதிய முதல் திருமுகம், அன்பு நிறைவுற்ற இடத்தில் அச்சத்துக்கு இடமில்லை என்று தெளிவுறுத்துகிறது. தொடக்கத்தை ஓரிடமும் நிறைவை மற்றோரிடமும் காட்டுகின்றன. தொடக்கத்திலேயே குடியிருப்பது நம் குற்றம்.

அன்றியும், அவ்விடத்தில் உள்ள எபிரேயச் சொல் யிரா என்பது. அஞ்சி நடுங்குதலையும் அது குறிக்கும். பெருமையின் முன் வியந்து நிற்றலையும் குறிக்கும். நம் பழைய மொழிபெயர்ப்புகள் பயம் என்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அச்சம் என்கிறது. வடசொல் போய்த் தென்சொல் வந்தது. பொருள் இன்னும் பாதியாகவே நிற்கிறது. தமிழாசிரியர் துணை வேண்டும் இடம் இதுவே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து அச்சத்தை ஒன்றாகவும் மருட்கையை வேறொன்றாகவும் வைத்தார். அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறினார். ஈண்டு இறை என்பது அரசனைக் குறிக்கும். மருட்கை பிறக்கும் களன்களோ புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. இவ்விரண்டில் எது கடவுளின் முன் மனிதன் கொள்ளத்தக்க மெய்ப்பாடு? விலங்கையும் கள்வனையும் கண்டால் எழும் உணர்வா? கடலின் பெருமையையும் பிறந்த குழந்தையின் விரல்நகத்துச் சிறுமையையும் கண்டால் எழும் உணர்வா? நம் முன்னோர் இரண்டையும் பிரித்துப் பெயரிட்டுத் தந்திருக்க, நாம் மருட்கையை மறந்து, அணங்கும் அரசனும் எழுப்பும் அச்சத்தைக் கொண்டுபோய்க் கடவுளின் காலடியில் வைத்தோம். பயபக்தி என்னும் சொல்லை வகுப்பில் விளக்க நேரும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை ஒருமுறை எடுத்துரைத்தாலே போதும். பல ஆண்டு மறையுரைகள் செய்யாத பணியை அது செய்யும்.

வள்ளுவர் வைப்புமுறையும் ஈண்டு எண்ணத்தக்கது. அவர் கடவுள் வாழ்த்தில் அமைந்த பத்துக் குறளிலும் இறைவனுக்கு அஞ்சுக என்னும் அறிவுரை இல்லை. அஞ்சவேண்டியது தீவினைக்கே என்று இருபத்தோராம் அதிகாரத்துக்குத் தீவினையச்சம் எனப் பெயரிட்டார். அதற்கு அடுத்த அதிகாரம் ஒப்புரவறிதல். தீமைக்கு அஞ்சுதல் ஒருபடி. கைம்மாறு கருதாத மழைபோல் பிறர்க்கு உதவுதல் அடுத்த படி. ஆட்சி செய்வோன் குடிகள் அஞ்சும்படி நடத்தல் ஆகாது என்பதற்கென்றே வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரமும் வகுத்தார். மண்ணாளும் மன்னனுக்கே அச்சுறுத்தல் இழுக்கு என்றால், அதனை விண்ணாளும் இறைவனுக்கு அணியாகச் சூட்டுவது எவ்வகை வழிபாடு?

இரண்டாம் கூற்று, அச்சம் நீங்கினால் ஒழுக்கம் கெடும் என்பது. அடியாத மாடு படியாது என்று ஒரு பழமொழியையும் துணைக்கு அழைப்பர். இது தேவாலயத்தில் மட்டுமன்று, பள்ளிக்கூடத்திலும் நெடுநாள் ஆட்சி செய்த கொள்கை. பிரம்பு எதைக் கற்பித்தது என்பதை ஆசிரியர் நன்கறிவர். பிரம்புக்கு அஞ்சும் மாணவன் விடையை உருப்போடுவான்; வினா எழுப்ப மாட்டான். ஆசிரியர் தலை மறைந்ததும் கூச்சலிடுவான். தவறினால் திருத்திக்கொள்ள மாட்டான், மறைத்துக்கொள்வான். அச்சம் கற்பிக்கும் முதற்பாடம் மறைத்தலே. மத்தேயு நற்செய்தி இருபத்தைந்தாம் அதிகாரத்தில், தலைவன் கடியவன் என்று அஞ்சிய வேலையாள் தன்னிடம் தந்த தாலந்தை மண்ணைத் தோண்டிப் புதைத்தான் என்று காண்கிறோம். கதையில் கடிந்துரைக்கப்பட்டவன் அஞ்சியவனே. தனக்குத் தெரிந்த சொல்லைக்கூட வகுப்பில் எழுந்து சொல்லத் துணியாத மாணவனும், தன் ஐயத்தைக் குருவிடம் கேட்கத் துணியாத விசுவாசியும் புதைத்துவைத்த தாலந்துகள் எத்தனை எத்தனை!

மூன்றாம் கூற்று ஒன்றுண்டு. அது சற்று வலியது. அன்பு அன்பு என்று பேசினால் நம்பிக்கை மலிந்துவிடும்; கடவுள் செல்லம் கொடுக்கும் பாட்டனாராகிவிடுவார் என்பர். அன்பை எளிதென்று எண்ணுவோரே இதனைக் கூறுவர். அச்சம் கேட்பது குறைவு. தண்டனைக்குத் தப்பும் அளவு செய்தால் அதற்குப் போதும். அன்புக்கு அளவு இல்லை. இதற்குச் சான்று தேடிப் பிற நாடு செல்லவேண்டா. சப்பானியர் ஆட்சியில் பேராக் மாநிலத்துப் பாப்பான் சிற்றூரில், காட்டிலிருந்து போராடியோர்க்குத் தம் கணவரான தமிழ் மருத்துவரோடு சேர்ந்து மருத்துவம் பார்த்தவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். அவர் உறுதியான கத்தோலிக்கர். பிடிபட்டுக் கொடுமைகள் பல பட்டார். அவர் கண்ணெதிரே அவருடைய சின்னஞ்சிறு மகளைத் தீயின்மேல் தொங்கவிட்டு மிரட்டினர். அப்போதும் அவர் பிறரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கொடுமைகளின் விளைவால் 1948இல் பிரிட்டனில் உயிர்நீத்தார். நரகத்துக்கு அஞ்சியா அவர் வாய் திறவாதிருந்தார்? அவர் அச்சத்தால் நடந்திருந்தால், கண்முன் எரிந்த தீயே அவரைப் பேச வைத்திருக்கும். காணாத தீயைக் காட்டி வளர்க்கும் நம்பிக்கை, கண்ட தீயின் முன் நில்லாது. அன்பில் ஊன்றிய நம்பிக்கையே நின்றது.

எனவே அச்சத்தைக் கைவிடச் சொல்வது ஒழுக்கத்தைக் கைவிடச் சொல்வதாகாது. ஒழுக்கத்துக்கு வேறோர் அடிக்கல் நாட்டச் சொல்வதாகும். தமிழ்க் கிறித்தவ இலக்கியமும் அவ்வழியே சென்றது. வீரமாமுனிவர் தம் தேம்பாவணிக்குத் தலைவராகத் தேர்ந்தது குழந்தை இயேசுவைக் கையிலேந்தி வளர்த்த சூசையப்பரை. திருநெல்வேலி வைணவக் குடியில் 1827இல் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் ஆங்கில நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அக்கதையின் பயணி அழிவுக்கு அஞ்சித்தான் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். ஆனால் சிலுவையடியில் அவன் முதுகுச் சுமை விழுந்துவிடுகிறது. எஞ்சிய நெடும்பயணம் முழுவதும் சுமையின்றியே நடக்கிறான். நாமோ சுமை விழுந்த இடத்தைப் பற்றிப் பாடிக்கொண்டே, சுமையை மீண்டும் எடுத்துப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றுகிறோம்.

செய்யவேண்டியவை அரியன அல்ல. ஞாயிறு பள்ளி ஆசிரியர் நரகத்தை வரைந்து காட்டுமுன் ஓடிவந்த தந்தையைச் சொல்லிக் காட்டட்டும். மறையுரையாளர், மேடையில் விடுக்கும் மிரட்டலை நீக்கிவிட்டால் தம் உரையில் என்ன எஞ்சும் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஒன்றும் எஞ்சாதாயின் அன்று அவர் பேசாதிருப்பதே நன்று. நோயாளியைப் பார்க்கச் செல்வோர் பாவத்தைத் துருவுவதை விட்டுக் கஞ்சி கொண்டு செல்லட்டும். தாய்மார், கண்ணைக் குத்தும் சாமியைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்யாதிருக்கட்டும். அப்பிள்ளை பின்னாளில் தன் துயரத்தைச் சொல்லி அழ வேண்டிய சாமியும் அவரே அல்லரோ? தமிழாசிரியர், எச்சமயத்தவராயினும், வகுப்பில் அச்சத்துக்கும் மருட்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கட்டும்; ஐயம் வினவும் மாணவனை ஊக்கட்டும். பள்ளியில் வினவப் பழகியவன் ஆலயத்திலும் வினவுவான். வினவுகிறவன் அடிமையாயிரான்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு சொல். உங்களுக்குக் கற்பிக்கப்பட்ட கடவுள் உங்கள் மனத்தில் எவ்வுருவில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கையில் பெயர்ப் பட்டியலோடு பெரட்டுக் களத்தில் நிற்பவராக இருந்தால், அவர் நாசரேத்தூர் இயேசு காட்டிய கடவுள் அல்லர். உங்கள் பூட்டனார் அஞ்சிய துரை. அந்தத் துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று 1941இல் கிள்ளான் சாலையில் உங்கள் முன்னோர் சொல்லிவிட்டார்கள். நீங்கள் நிமிர்ந்தே செல்லலாம். எதிரே வருபவர் தந்தையாயின் அவரே ஓடிவருவார்.